ஓவியரின் புல்வெளியில் இரண்டு பை கீரை

பலெர்மோ,
14.03.1997

அன்பு மகள் யூலியானாவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் சித்தியும் இங்கே உயிரோடும் நல்ல பசியோடும் இருக்கிறோம், கொழும்பில் நீயும் கொம்மாவும் அப்படியே இருக்க மன்றாடுகிறோம். மகளே, நான் எழுதப்போவதை நீ நம்பமாட்டாய், கொம்மா நம்பமாட்டா, பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாலும் சுவாமியார் நம்பமாட்டார் என்று சத்தியம் செய்துவிட்டே தொடங்குகிறேன். வைகாசியில் உன் கலியாணத்துக்கு நான் வராவிட்டால், உன் அப்பாவின் இடத்தில் நின்று உன்னைப் பீடம் வரை கூட்டிப்போக இராஜதுரை மாமா புதுக் கோட்டுத் தைத்துவிட்டார் என்று எழுதியிருந்தாய். அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை, அதாவது இரண்டு கோப்பைக்கு மேல் இறங்கவில்லை. என் அண்ணன் கண்ணை மூடும்போது உன்னை என் கையில்தான் தந்தவர், மாமாவின் கோட்டில் அல்ல.

எனக்குக் குறுக்கே நிற்பது கடலும் அல்ல சண்டையும் அல்ல, ஒரு புல்வெளி. இங்கே இருப்பதற்கான பெர்மெசோ அனுமதியைப் புதுப்பிக்காமல் வெளிக்கிட்டால் திரும்பி வர விடமாட்டார்கள். புதுப்பிக்க, நான் வேலை செய்யும் வீட்டுக்காரர் ஒரு கடுதாசியில் கையெழுத்து வைக்கவேண்டும். அவர்தான் இங்கே கால்சாப் பகுதியில் இருக்கும் ஓவியர் கலோஜெரோ. பகேரியா ஊருக்கு அப்பால் உள்ள ஒரே புல்வெளியை மனுஷன் முந்நூறு வருஷமாக வரைகிறார். ஒரு மாடு என்றாலும் அலுத்துப்போய் வேறு புல்லுக்குப் போயிருக்கும். தினமும் பலகையையும் முக்காலியையும் சுமந்துகொண்டு ரயில் கோச்சியில் நான் பின்னால். கையெழுத்தைக் கேட்டால், படம் முடியட்டும் கிறிகோரி, ஒரு வேலை முடியாமல் நான் எதிலும் பெயர் எழுதுவதில்லை என்பார். அது எப்படி முடியும்? காலையில் வரைந்ததை, வெளிச்சம் மாறிவிட்டது என்று மத்தியானம் சுரண்டுகிறாரே!

போன கிழமை, நான் கெஞ்சிப் பாக்கிறன், உங்களுக்குக் கேக்கத் தெரியாது என்று சித்தியும் கூட வந்தா. சாப்பிட்டுவிட்டுக் கலோஜெரோ மரத்தடியில் விட்ட குறட்டையில் பகேரியாக் கோச்சியே தண்டவாளம் மாறியது. நான் தூரிகை கழுவிக்கொண்டு வந்து பார்த்தால், புல்வெளியின் இடதுபக்கம் மொட்டை. மஞ்சளாகப் பூத்து நின்ற காட்டுக்கடுகு முழுவதும் சித்தியின் இரண்டு பைகளுக்குள். அந்த மஞ்சளைத்தான் மனுஷன் மூன்று கிழமையாக வரைந்துகொண்டிருந்தார். எழும்பிப் பார்த்தவர், ஐயோ என் புல்வெளி என்று அலறிய அலறலில் துறைமுகத்துக் கப்பல்கள் நங்கூரத்தோடு ஓடின. சித்தி அசைந்தால்தானே. புல்லை ஆர் தொட்டது, கீரையைத்தானே பிடுங்கினனான், தேங்காய்ப்பூப் போட்டு வறுக்கிற சாமானைச் சும்மா பாத்துக்கொண்டு இருக்கிறியளே என்று அவரிடமே தமிழில் கதைத்தா. நான் மொழிபெயர்க்கவில்லை. கையெழுத்தும் போச்சு, வேலையும் போச்சு, பீடத்தில் இராஜதுரை மாமாவின் கோட்டு மட்டும்தான் என்று தூரிகைகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினேன்.

மனுஷன் மொட்டையான நிலத்துக்குள் இறங்கி ஒரு பிடி செம்மண்ணை அள்ளிப் பார்த்தார். பிறகு, இத்தனை காலமும் இந்தப் பூ எனக்கு மண்ணை மறைத்துவிட்டதே கிறிகோரி என்றார். படத்தின் இடதுபக்கத்தைச் சுரண்டி அந்தச் செம்மண் நிறத்தை வைத்தார், மூன்றாம் நாள் மூலையில் பெயரும் எழுதினார். நான் விடுவேனா, அதே மூச்சில் கடுதாசியை நீட்டினேன். படம் என்று நினைத்தாரோ என்னவோ, கடுதாசியின் வலது மூலையிலும் தூரிகையாலேயே செம்மண் நிறத்தில் எழுதிவிட்டார்! குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் இருந்தவர் அதை நகத்தால் சுரண்டி மணந்து பார்த்து, இதைச் சுவரில் மாட்டவா என்று கேட்டார். திரும்ப ஓடி, கையில் பேனையைச் செருகி, இன்னொரு கையெழுத்து வாங்கினேன். இனி வலதுபக்கத்தையும் பிடுங்க வரச்சொல்லிச் சித்திக்கு அவரின் அழைப்பு. அந்தப் புல்வெளி தனக்கு இன்னும் முந்நூறு வருஷத்துக்குக் காணுமாம், தீராதாம். என் முதுகு காணுமா என்று யார் கேட்கிறார்கள்?

தேவமாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்திருக்கட்டும், நீயும் வரப்போகும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் வாழவேண்டும். வெயிலில் அலையாதே, இரத்தம் ஊறுகிற குளிசையை மறவாதே. இந்தக் கடிதத்தில் உள்ளதை எல்லாம் நீ விரும்பியபடி புளுகு என்று கழித்துக்கொள், உன் சித்தி கழித்தால் திகதி மட்டும்தான் மிஞ்சும். ஆனால் அந்தப் பேனைக் கையெழுத்து மட்டும் உண்மை, மகளே. சித்திரை இருபதாம் திகதி வாறன்.

இப்படிக்கு,
உன்னைக் கைபிடித்துக் கூட்டிப்போக இருக்கும் சித்தப்பா
கிறிகோரி