ஆட்டிறைச்சிக்கு வைத்த பெயர்

அண்ணை,

நேற்று அந்த ஆட்டிறைச்சித் தட்டை மேசையில் வைத்ததும் வறுத்த கறித்தூள் மணம் எழும்பியது. நயாகராவின் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே, நாமிருவரும் ஏழு வருடம் கோப்பை கழுவிய அதே பழைய வைன் மாளிகை. இம்முறை நான் விருந்தாளி. என் பிறந்தநாளுக்கென்று மகள் கூட்டிப்போயிருந்தாள்.

மெனுவில் அந்த ஆட்டிறைச்சிக்குக் கீழே, ‘மாளிகைக் குடும்பத்தின் நூறு வருடச் சமையல்’ என்று போட்டிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நூறு வருடமா? நாங்கள் குடியிருந்த மோர்னிங்சைட்டிலிருந்து விடியவே வான் வண்டியில் வேலைக்குப் போவோமே, அப்படியொரு நாளில் சமையல்காரர் சுகமில்லாமல் வரவில்லை. வெளியே கல்யாணக் கூட்டம். நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனீர்கள். இறைச்சியைச் சிவப்பு வைனில் வேகவிட்டு, அங்கே தரும் சாப்பாட்டில் தூவிக்கொள்ளவென்று பையில் கொண்டுவரும் தூளை அதில் போட்டீர்கள். திரும்பி வந்த தட்டுகளில் எனக்குக் கழுவ ஒன்றும் இருக்கவில்லை. அடுத்த கிழமையே அது மெனுவில் ஏறியது.

“உங்கட பேரையும் போடச் சொல்லுங்கோ அண்ணை.”

“பேரை வைச்சு என்னடா செய்யிறது? சாப்பிட்டவன் தட்டை வழிச்சவன் எல்லோ, அது காணும்.”

காணாது அண்ணை, போதாது. அன்றைக்கே உங்களோடு சண்டை பிடித்திருக்க வேண்டும்.

நேற்று மனேச்சரைக் கூப்பிட்டேன். “அப்பா, பிளீஸ், சீன் ஆக்காதைங்கோ” என்று மகள் கையைப் பிடித்தாள். மனேச்சர் பெண் பொறுமையாகக் கேட்டாள். எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்றாள். இல்லை என்றேன். பிறகு பேனையை எடுத்து, புதுச் சமையல்காரருக்கு அந்தப் பழைய ருசி வருவதில்லை, தூளின் அளவைச் சொல்ல முடியுமா என்றாள்!

முதலில் மெனுவில் அவருடைய பெயரை எழுதுங்கள், பிறகு சொல்கிறேன் என்றேன். சிரித்தபடி பேனையை மூடிவிட்டாள்.

பாதி இறைச்சி தட்டிலேயே கிடந்தது. அவளைவிட உங்கள் மேல்தான் எனக்குக் கோபம். விட்டுக்கொடுப்பதை நல்ல குணம் என்று நினைத்தபடியே போய்விட்டீர்கள். உங்கள் செத்தவீட்டிலும் எல்லோரும் அதைத்தான் புகழ்ந்தார்கள். நானும் தலையாட்டினேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் கார் ஹமில்டனைத் தாண்டியது. பிறகு மகள் கேட்டாள்: “அப்பா, அந்த அங்கிளின்ர பேர் என்ன?”

உங்கள் வீட்டில் எத்தனை தரம் சாப்பிட்டவள்! சொன்னேன். அவள் வாயில் சரியாக வரவில்லை. திரும்பவும் சொல்லச் சொன்னாள். பெயர் சரியாக வந்த பிறகுதான் தூளின் அளவைச் சொல்லிக்கொடுத்தேன்.