சாத்தூர்ப் பக்கத்து ஆள்

ஆகஸ்ட் 4, 2024
ஆடி அமாவாசை. மாமா இந்த வருஷமும் தன் அம்மாவுக்கு மட்டும்தான் இலை போட்டார்.

மாமா என்றால் என் மாமனார் தங்கச்சாமி. சாத்தூர்ப் பக்கம் தாயில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸில் உழைத்துத் தேய்ந்தவர். அப்பா பேச்சே அவருக்கு ஆகாது. மாமா தாய் வயிற்றில் இருக்கும்போது மலாயாவுக்குப் போன சோலைச்சாமி, உலகப்போர் முடிந்தும் வரவில்லை. அங்கே வேறு குடும்பம் என்று ஊர் பேசியது. அதைக் கேட்டுக் கேட்டே அவர் அம்மா வெள்ளைத்தாய் போய்ச் சேர்ந்தாள்.

ஆவணியில் மாமாவின் பேத்தி, எங்கள் மகள் பிரீத்திக்குக் கல்யாணம். பத்திரிகையில் கொள்ளுத்தாத்தா பெயர் வேண்டும் என்றாள். மாமா பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். பிடிவாதக்கார மாமா. பாவம் மாமா.

ஆகஸ்ட் 6
லண்டன் ஆவணக் காப்பகத்தில் கேட்டிருந்த கோப்பு மெயிலில் வந்துவிட்டது. போரில் ஜப்பான்காரர்கள் மலாயாத் தமிழர்களையும் கொண்டுபோய்ப் போட வைத்த சயாம் ரயில் பாதை, அதன் கொடுமைகள் பற்றி வெள்ளைக்காரர்கள் நடத்திய விசாரணை. முனைவர் பட்ட ஆய்வுக்கு என்று கல்லூரியில் சொல்லியிருக்கிறேன். மாமாவுக்காகவும்தான்.

ஆகஸ்ட் 7
வெள்ளைச் சிப்பாய் செத்தால் பெயர், படை, தேதி. நம் ஆட்கள் செத்தால் ‘கூலிகள்’, அவ்வளவுதான். எரிச்சலாக வருகிறது.

ஆகஸ்ட் 8
ஒரே ஒரு தமிழ்ச் சாட்சி. காலரா வந்தவர்களைப் போட்டிருந்த கொட்டகைக்கு ஜப்பான்காரர்கள் தீ வைத்தார்களாம். உள்ளே உயிரோடு இருந்தவர்களில் ஒருவர் ‘சாத்தூர்ப் பக்கத்து ஆள்’. பெயரை யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்கக் கூடாதா பாவிகளா — ஒரு வார்த்தைதானே?

என் வீட்டுக்காரர் பிரஸ்ஸிலிருந்து வந்ததும் காட்டினேன். கல்யாணப் பத்திரிகை இவர் பிரஸ்ஸில்தான். சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

“தாத்தாதான்னு சொல்லிரு பொன்மணி. அப்பா மனசு ஆறட்டும்.”

நல்ல மனுஷன். எனக்கும் ஆசைதான். ஆனால் பொய் சொல்லியா அவருக்கு ஒரு அப்பாவைக் கொடுப்பது?

ஆகஸ்ட் 9
மாமாவுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அது அவர் அப்பாதானா என்று தெரியாது, தெரியப்போவதும் இல்லை என்றும் சொன்னேன்.

எங்கள் பக்கத்துப் பட்டாசு ஆலை வெடிவிபத்துகளைக் கண்ணால் பார்த்தவர் மாமா. “உள்ள ஆளு இருக்கும்போதா?” என்று மட்டும் கேட்டார். பிறகு, அங்கன எம்புட்டுப் பேரு செத்தாக என்றார். பல்லாயிரம் பேர், பெரும்பாலானவர்களுக்குப் பெயரே இல்லை என்றேன்.

“வராதவுக எல்லாம் வர மனசில்லாதவுகன்னுல்ல நெனச்சிருந்தேன் தாயி. வர முடியாதவுகளும் இருந்திருக்காக.”

நான் அழுதுவிட்டேன். அவர் தன் துண்டை என்னிடம் நீட்டினார்.

ஆகஸ்ட் 10
புரூஃப் வந்தது. மாமா தன் அம்மா பெயருக்கு முன்னால் விரலை வைத்து, இங்கன எங்கய்யா பேரைப் போடு என்றார். திருவா, தெய்வத்திருவா என்று இவர் திணறினார்.

“செத்தவுகளுக்கு என்னலே போடுவீக? அதைப் போடு.”

செப்டம்பர் 8
கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. கால் வலி உயிர் போகிறது.

அக்டோபர் 2
மகாளய அமாவாசை. வெள்ளைத்தாய்க்கு ஒன்று, சோலைச்சாமிக்கு ஒன்று என்று இரண்டு இலை போட்டேன். இன்னொன்றும் போடச் சொன்னார் மாமா. யாருக்கு என்றேன்.

“அந்தச் சாத்தூர்க்காரரு எங்கய்யா இல்லேன்னா, அவரு மட்டும் பசியோட நிப்பாரா தாயி?”

மூன்றாவது இலைக்கு மாமாவே பரிமாறினார்.