படையல் இலையில் வைத்த ஃபட்ஜ்

என் செல்ல அக்காவுக்கு,

நேற்று உனக்கு வருஷப் படையல் போட்டோம். சாம்பார், வடை, கத்திரிக்காய்ப் பொரியல் எல்லாம் அம்மா பார்த்துக்கொண்டாள். ஃபட்ஜ் மட்டும் என் பொறுப்பு. செங்கம் ரோட்டு கெஸ்ட் ஹவுஸில் சமையல் வேலை பார்த்தபோது, அங்கே தங்கியிருந்த இங்கிலாந்துக்கார அம்மாவிடம் நீ கற்றுக்கொண்ட பால் மிட்டாய். உன் மகள் காவ்யாவின் பிறந்தநாளுக்கு நாம் கேக் வாங்கியதே இல்லை, உன் ஃபட்ஜ்தான்.

நீ போனதிலிருந்து அவள் இனிப்பைத் தொடுவதில்லை. பள்ளிக்கூடத்தில் சாக்லேட் கொடுத்தால்கூடப் பக்கத்துப் பிள்ளையிடம் தள்ளிவிடுகிறாள். அழுதாலாவது பரவாயில்லை, அழுவதும் இல்லை. ஃபட்ஜைப் பார்த்தாவது மனம் இளகுவாளா என்று எனக்கு ஒரு நப்பாசை.

பாலும் வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சினேன். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டினால் மெத்தென்று உருண்டது. இறக்கி வைத்தேன். வெதுவெதுப்பாக ஆறும்வரை கரண்டியே படக்கூடாது, அப்புறம்தான் அடிக்க வேண்டும் என்று நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! நான் இலை கழுவப் போன நேரத்தில் அம்மா கிளறிவிட்டாள்.

"சும்மா வுட்டா கட்டி தட்டிடாதா? நான் பாக்காத பால்கோவாவா?" என்றாள். மகளுக்குப் படைக்கப் பலகாரம் கிளறுகிற தாயிடம் என்ன பேச முடியும், சொல்?

சூட்டோடு கிளறியதில் சர்க்கரை பூத்துப்போய், துண்டு போடும்போதே விரலில் நறநறத்தது. வாயில் போட்டுப் பார்க்கவும் வழியில்லை. படைக்கிற பண்டத்தை ருசி பார்க்கக்கூடாதே. அப்படியே இலையில் வைத்தோம்.

மொட்டை மாடியில் அம்மா காக்காயைக் கூப்பிட்டுப் பார்த்தாள். வரவில்லை. "உனக்கு இன்னாடி கொற? வந்து எடுத்துக்கோடி" என்று கெஞ்சினாள். எனக்குக் கோபம்தான் வந்தது. இந்த வயதில் போனவளிடம் என்ன குறை என்று கேட்கலாமா?

காக்கா எடுக்கும் முன் படையலில் யாரும் கை வைக்கக்கூடாது. காவ்யா வைத்தாள். ஒரு துண்டு ஃபட்ஜை எடுத்து வாயில் போட்டாள். எல்லாவற்றுக்கும் சாஸ்திரம் சொல்லும் அம்மா அவளைத் தடுக்கவில்லை. மாமாவும் மகளைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அம்மா செஞ்ச மாதிரி இல்ல, சித்தி. மண்ணு மாதிரி இருக்குது" என்றாள். இலையில் மீதியிருந்த துண்டுகளைப் பார்த்து, "இனிமே அது கெடைக்கவே கெடைக்காதா?" என்று கேட்டாள்.

அவள் அழ ஆரம்பித்தாள். ஒரு வருஷத்து அழுகை, அக்கா. அழுதுகொண்டே மென்றாள், துப்பவில்லை. நானும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

உன் கைப்பக்குவம் எனக்கு வராது. ஆனாலும் அவள் கேட்கிறபோதெல்லாம் செய்து கொடுப்பேன். அதைத் தின்றுவிட்டு, என் மனம் நோகக்கூடாதே என்று "அம்மா செஞ்ச மாதிரியே இருக்குது" என்று பொய் சொல்லும் நிலைமைக்கு அவளை ஒருநாளும் கொண்டுவர மாட்டேன். இது சத்தியம்.

உன் தங்கை,
காவ்யாவின் சித்தி