கிளம்பட்டுமா என்று கேட்டவள்

அன்புள்ள குட்டிக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் வாலும் எப்படி என்று எழுது. லீவு கேட்டேன், பிரசவ வார்டுக்கு நர்ஸ் போதவில்லை என்று கையை விரித்துவிட்டார்கள், உன் பிரசவத்துக்கு என்னால் வர முடியாது. அழாதே, உனக்கும் சேர்த்து நான் அழுதாயிற்று.

நேற்று மதியம் நடந்ததைக் கேட்டால் பயப்படுவாய், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். தையல்காரப் பெண் ஒருத்திக்குச் சுகப்பிரசவம், குழந்தை வீறிட்டு அழுதது, நஞ்சுக்கொடியும் முழுசாக விழுந்தது, கர்ப்பப்பை இறுக ஊசியும் போட்டாயிற்று. மேலே வைத்த துணியில் ரத்தம் அதிகமில்லை, எல்லோரும் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் மட்டும் வாசலையே பார்த்தபடி குளிருகிறது என்றாள். பிறகு விருந்துக்கு வந்தவள் விடைபெறுகிற மாதிரி மரியாதையாக, "அக்கா, அம்மா வந்து நிக்கிறாங்க, நான் கிளம்பட்டுமா?" என்று கேட்டாள். இவளைப் பெற்ற அன்றே ரத்தம் போய் இறந்தவள் அந்த அம்மா, சேர்க்கும்போதே சொல்லியிருந்தார்கள். முதுகுக்கு அடியில் கையை விட்டால் மெத்தை ரத்தத்தில் சொதசொதவென்று இருந்தது. கல்லாக இறுகியிருக்க வேண்டிய கர்ப்பப்பை பிசைந்த மாவாகக் கிடந்தது. அழுத்தித் தேய்த்துக்கொண்டே டாக்டரைக் கூப்பிட்டேன். இரண்டு கையிலும் டிரிப்ஸ், மறுபடி ஊசி, டாக்டர் உள்ளே ஒரு கையும் வெளியே ஒரு கையுமாகக் கர்ப்பப்பையை அழுத்திப் பிடித்தார், ரத்தமும் ஏற்றினோம். அவள் கண் வாசலை விட்டு அகலவே இல்லை. எனக்கு வந்த கோபத்தில், "உங்க அம்மாவை வெளிய உட்காரச் சொல்லு, உனக்கு இன்னும் டிஸ்சார்ஜ் எழுதலை" என்று அதட்டினேன். மெல்ல மெல்ல வயிறு இறுகியது, பிழைத்துக்கொண்டாள், இன்று காலை டீ கேட்டாள். நேற்று நான் வெளியே வந்தபோது வார்டு கூட்டுகிற ஆயா, வாசல் பெஞ்சில் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்த ஒருத்தி இப்போதுதான் எழுந்து போனாள், என்ன குழந்தை என்றுகூடக் கேட்கவில்லை என்று குறைபட்டுக்கொண்டாள். யார் என்று நான் விசாரிக்கவில்லை.

மாப்பிள்ளையிடம் சொல், குழந்தையைக் கொஞ்ச ஊரே வரும், அவர் உன் பக்கத்தில் இருக்கட்டும். குளிருகிறது, படபடக்கிறது என்று நீ சொன்னால் கூச்சப்படாமல் நர்ஸைக் கூப்பிட்டு முதுகுக்கு அடியில் பார்க்கச் சொல்லட்டும். இரும்புச்சத்து மாத்திரையை விடாதே. நீயும் பிள்ளையும் நூறு வயது நன்றாக இருங்கள்.

இன்னொன்று, சிரிக்காதே. அந்த நேரம் நான் வாசலில் வந்து நின்று கூப்பிடுவது போலத் தெரிந்தால் வராதே கண்ணே, சத்தம் போட்டு நர்ஸைக் கூப்பிடு. அது நானில்லை. நான் வந்திருந்தால் வாசலில் நிற்க மாட்டேன், உன் வயிற்றில் கை வைத்திருப்பேன்.

உன் அம்மா