ஊதா நூல் இருக்கா அக்கா?

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், என் முழங்கால் மட்டும் இப்போதெல்லாம் என் பேச்சைக் கேட்பதில்லை. நீயும் மருமகளும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். போனிலேயே பேசலாம்தான், ஆனால் அது அம்மாவின் கையை விட்டு இறங்கினால்தானே! காரணத்தைக் கேள்.

கீழ்த்தளத்தில் குடியிருக்கிற கம்பெனி மேலாளரை உனக்குத் தெரியும், எதிரே வந்தால் கதவைப் பிடித்துக்கொண்டு வழிவிடுவார், நானே எத்தனையோ முறை மெச்சியிருக்கிறேன். அவர் மனைவி, ரொட்டிக்கடையில் வேலை செய்கிற பெண், கொளுத்துகிற வெயிலில் அரைக்கைச் சட்டைகளுக்கெல்லாம் முழுக்கை வைத்துத் தரச் சொல்லி அம்மாவிடம் வந்தாள். அளவெடுக்கக் கையைத் தூக்கச் சொன்ன அம்மா நாடாவை அப்படியே கீழே போட்டுவிட்டாள். கை முழுக்கக் கன்றிய தடங்கள். யாரிடமும் சொல்லவும் வழியில்லையாம், சாயங்காலமானால் அந்த மனிதன் அவள் போனைப் பிடுங்கித் தோண்டித் துருவிவிடுவான். அவள் சரி என்ற பிறகு அம்மா தன் போனில் தடங்களைப் படமெடுத்து, இலவசமாக வழக்குப் பார்க்கிற வக்கீலம்மாவுக்கு அனுப்பினாள். அந்தப் பெண்ணின் போனில் எதுவும் இருக்கக் கூடாது என்றார் வக்கீலம்மா. கட்டடத்துப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவை அவன் படித்தாலும் தண்ணீர் வரவில்லை, குப்பை எடுக்கவில்லை என்பதுதான் இருக்கும், அதனால் ஆபத்து என்றால் அதில் "இஞ்சி இருக்கா?" என்று அவள் கேட்பதாக ஏற்பாடு. விஷயம் நாலைந்து பேருக்கு மட்டும் தெரியும்.

மறுவாரமே அம்மா "இஞ்சி!" என்று கத்தினாள். நான் பழைய எலக்ட்ரீஷியன் அல்லவா, ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எல்லாருமாக மேலாளர் வீட்டின் பூட்டிய கதவைத் தட்டோ தட்டென்று தட்டினோம். மூன்றாம் மாடிப் பல் டாக்டரம்மா இறங்கி வந்து, "இஞ்சிதானே கேட்டேன், இல்லேன்னா விட்டுடுங்க" என்றாரே பார்க்கலாம்! அன்றே அவரும் கூட்டணியில் சேர்ந்தார், இஞ்சி ஊதா நூலாக மாறியது. தையல்காரியிடம் நூல் கேட்டால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

போன ஞாயிறு மதியம் நிஜமாகவே ஊதா நூல் வந்தது. போய்த் தட்டினோம், மேலாளர் கதவைப் பாதி திறந்து, சிரித்த முகமாக, "அவ குளிக்கிறா" என்றான். "வராந்தா பல்பு மாத்தணும்" என்று நான் ஏணியைக் கொண்டுபோய் நிலைப்படியிலேயே நிறுத்தினேன், கதவைச் சாத்த முடியாது. அம்மா ஏணிக்கு அடியில் குனிந்து உள்ளே போய், "நிறம் ஒத்துப் பாக்கணும், வாம்மா" என்று அவளைக் கையோடு அழைத்து வந்தாள். உதடு கிழிந்திருந்தது. "சார், இது எங்க குடும்ப விஷயம்" என்றான். "நான் பல்பு மாத்த வந்தவன் தம்பி, வேற ஒண்ணும் தெரியாது. ஆனா ஏணி இங்கேதான் நிக்கும்" என்றேன். டாக்டரம்மா அழைத்திருந்ததால் வக்கீலம்மா போலீசோடு வந்தார். படியில் விழுந்தாள் என்று அவன் கதை சொன்னான், வக்கீலம்மா தேதியோடு படங்களைக் காட்டியதும் அந்தக் கதை அங்கேயே முடிந்தது. மூன்றாம் நாளே, கிட்டே வரக்கூடாது என்று கோர்ட்டின் இடைக்கால உத்தரவு, இப்போது வீட்டை விட்டு வெளியே இருப்பது அவன்தான். அவள் தன் அக்காவிடம் போனில் சத்தமாகப் பேசிச் சிரிக்கிற சிரிப்பில் என் மதியத் தூக்கம் போயே போச்சு, போகட்டும்.

கடைசியாக ஒன்று. மருமகள் போனின் ரகசிய எண் உனக்கு மனப்பாடம் என்று போன மாதம் விளையாட்டாகப் பெருமையடித்தாய், நானும் சேர்ந்து சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லையடா. அவளையே எண்ணை மாற்றச் சொல், புது எண் என்னவென்று கேட்காதே.

இருவரும் சண்டை போட்டாலும் சிரித்தாலும் ஒருவருக்கொருவர் பயமில்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு. அம்மாவின் ஆசிகள், கையெழுத்துப் போட அவளுக்கு நேரமில்லை, இன்னும் யாராவது ஊதா நூல் கேட்கிறார்களா என்று போனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
உன் அப்பா