முகமூடிக்காரனுக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

இன்று காலை கூரியர்காரர் கொடுத்த உறையைக் கிழித்ததும் அந்த வாடை வந்தது. வழவழப்பான தாளில் புது மை. காமிக்ஸ் அட்டையில் முகமூடிக்காரன் மறுபடியும் செத்துக் கிடக்கிறான். ‘இம்முறை நிஜமாகவே!’ என்று கீழே சிவப்பு எழுத்து. நீ இருந்திருந்தால் என்ன கெட்ட வார்த்தை சொல்லியிருப்பாய் என்று யோசித்தபடியே அதை மூடி வைத்தேன்.

இந்தப் புத்தகங்கள்தான் நம்மைச் சேர்த்துவைத்தன. நான் உத்தமபாளையத்தில் செய்தியாளன். நீ கூடலூரில் ஜீப் ஓட்டினாய். விடியும் முன்பே பெண்களை ஏற்றிக்கொண்டு குமுளி மலையேறி ஏலத்தோட்டத்தில் இறக்குவாய். வேலை முடிந்து அவர்கள் வரும்வரை அங்கேயே காத்துக் கிடப்பாய். அந்தப் பகலெல்லாம் காமிக்ஸ் படிப்பாய். திரும்பும் வழியில் படித்ததை அவர்களுக்குச் சொல்வாய். முன்சீட்டில் உட்காரும் செல்லத்தாயிதான் உன் முதல் ரசிகை. வளைவில் நீ கதையை நிறுத்தினால், “ஸ்டேரிங்கத்தான கை பிடிச்சிருக்கு, வாய்க்கு என்ன வந்துச்சு? சொல்லுண்ணே” என்பாள்.

வருடங்கள் போகப்போக உனக்குச் சலிப்பு தட்டியது. அழிந்த நகரம் அடுத்த புத்தகத்தில் கீறல்கூட இல்லாமல் நின்றது. செத்த வில்லன் வேறோர் உலகத்திலிருந்து வந்தான். அது புரிய இன்னும் நான்கு புத்தகம் வாங்க வேண்டியிருந்தது. “வண்டிய எடுத்தா ஒரு ஊர்ல போய் நிக்கணும்ல மாப்ள? இவய்ங்க கூடலூர்ல எடுத்து, குமுளியச் சுத்திட்டு, மறுபடி கூடலூர்லயே நிப்பாட்டுறாய்ங்க. இதுல டிக்கெட் வேற.” பொறுமையாக இரு என்பேன். “நீ பேப்பர்க்காரன். உனக்கு நாளைக்கும் பேப்பர் வந்தாப் போதும்” என்று என் வாயை அடைப்பாய்.

பிறகு ஒரு புத்தகத்தில் முகமூடிக்காரன் செத்தான். உடைந்த பாலத்தை முதுகில் தாங்கி, பள்ளிப் பேருந்து கடந்துபோனதும் நசுங்கினான். அடக்கமும் செய்துவிட்டார்கள். நீ பிளெக்ஸ் கடைக்குப் போய், ஊரில் யார் இறந்தாலும் அடிப்பதுபோலவே, அவன் படத்தோடு ஒரு கண்ணீர் அஞ்சலி அடித்து ஜீப்புக்குள் ஒட்டினாய். “யாருண்ணே இது, சொந்தமா? செத்த படத்துலயும் மூஞ்சிய மூடியிருக்காக!” என்று பெண்கள் சிரித்தார்களாம். செல்லத்தாயி மட்டும், “திரும்ப வந்துருவானாண்ணே?” என்று கேட்டிருக்கிறாள்.

“வரமாட்டான் ஆத்தா. செத்தாச் செத்ததுதான்.”

அந்த ஆடி மழையில் மலைப்பாதையில் ஒரு மரம் சாய்ந்து ஜீப்பின் முன்பக்கம் விழுந்தது. உனக்குத் தோள் முறிந்தது. செல்லத்தாயி அந்த இடத்திலேயே இறந்துபோனாள். செய்தியை நான்தான் எழுதினேன். பெயர், வயது, ஊர், பிரேதப் பரிசோதனை. வழக்கம்போல் சில வரிகள்.

உன் தோளில் போட்ட கட்டைப் பிரிப்பதற்குள் அடுத்த புத்தகம் வந்துவிட்டது. முகமூடிக்காரன் உயிரோடு நின்றான். செத்தது வேறோர் உலகத்து முகமூடிக்காரனாம். நீ கத்தவில்லை. புத்தகத்தை என் மேசைமேல் வைத்தாய். “பதினாறாம் நாள் காரியத்துல அவ மகன் என்னையவே பாத்துக்கிட்டு நின்னான் மாப்ள. சாவுன்னா என்னன்னு இவய்ங்களுக்குத் தெரியுமா?” அதற்குப் பிறகு நீ ஒன்றும் படிக்கவில்லை.

மறுபடி வண்டி எடுத்தபோது முன்சீட்டில் உட்கார யாரும் முன்வரவில்லை. மலை இறங்குகையில் ஒருத்தி கதையின் மீதியைக் கேட்டாள். நீயே ஒரு முடிவு சொன்னாய். அவன் திரும்பி வரவில்லை, ஊர்ச்சனமே கூடி அந்தப் பாலத்தைக் கட்டிக்கொண்டார்கள், அவ்வளவுதான் கதை. வேறு கதை கேட்டதற்கு, இல்லை என்றுவிட்டாய்.

சிறுநீரகம் கெட்டுத் தேனி ஆஸ்பத்திரியில் நீ கிடந்தபோது வந்தேன். முகம் ஊதியிருந்தது.

“கதை இப்ப எங்கன நிக்குது?”

“நீ விட்ட இடத்துலதான். நடுவுல ரெண்டு தடவ செத்தான். ரெண்டு தடவயும் வந்துட்டான்.”

“அப்ப நான் எதையும் தவறவிடல மாப்ள.”

என்னிடம் நீ தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

உன்னைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோன அன்று ஜீப்புப் பெண்கள் யாரும் வேலைக்குப் போகவில்லை. எல்லாம் முடிந்து நான் திரும்பியபோது அவர்களில் ஒருத்தி என்னிடம் வந்தாள்.

“நீங்களும் அந்தப் புத்தகமெல்லாம் படிப்பீகளாமே. அந்த முகமூடி ஆளு நெசமாவே செத்துத்தான் போனானா? இல்ல, செல்லத்தாயி போன வேதனைல அண்ணே அப்பிடிச் சொன்னாகளா?”

நடந்ததை மட்டும் எழுதிப் பிழைத்தவன் நான். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“செத்துத்தான் போனான் ஆத்தா. திரும்பி வரல.”

“ம். அண்ணே பொய் சொல்லமாட்டாக” என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இன்றும் கூடலூர்ப் பக்கம் போனால் அவர்களில் யாராவது கேட்கிறார்கள். புத்தகத்தில் அவன் எத்தனை முறை எழுந்து வந்தாலும், என்னிடம் இருப்பது நீ சொன்ன முடிவுதான். அதைத்தான் சொல்கிறேன்: அவன் வரவில்லை, ஊர்ச்சனம்தான் பாலத்தைக் கட்டியது.