நைனா இருந்த தூணில் ரவுட்டர்

என் செல்ல நைனாவுக்கு,

நைனா, வைஃபை வந்துடுச்சு, நம்ம வீட்டுக்கே, பதினோரு பேருக்கும், பின்கட்டு வரைக்கும், நிஜமா!

இப்படிக் கத்திச் சொல்லத்தான் ஆசை. ஆனால் தெம்பில்லை. மூன்று வாரமாக இதே வேலை. ஒரு கம்பெனியின் கம்பி தெருவுக்குக் குறுக்கே வருகிறது. சாமி புறப்பாடு என்றால் அவிழ்த்துவிடுவார்களாம். இன்னொன்று மலிவு, ஆனால் நாலு பேர் சேர்ந்தாலே திணறுமாம். நம் தெருவில் வீடு வீடாக விசாரித்தேன், கண்ணில் பட்ட வீடியோ எல்லாம் பார்த்தேன். சித்தப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கிரிக்கெட் சுத்தாம ஓடுமா?"

உண்மையான அவசரம் அண்ணிக்குத்தான். குழந்தைக்கு இப்போது ஐந்து மாதம், நைனா. நீ பார்க்கவே இல்லை. வீட்டில் லைன் சரியாக இருந்தால் இங்கிருந்தே வேலை பார்க்கலாம், இல்லையென்றால் திங்கட்கிழமை சென்னைக்கு வந்துவிடு என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். முன்னால் தறிச் சத்தம். அவள் உட்கார்ந்து போன் பேச பின்கட்டு அறை ஒன்றுதான் இருக்கிறது.

லைன் போட வந்தவர் ரவுட்டரைத் தறி அறையில் வைத்தார். அங்கே நெட் பறந்தது. பின்கட்டில் ஒன்றுமே இல்லை. நம் வீடுதான் ரயில் பெட்டி மாதிரி நீளமாச்சே, நடுவில் இரண்டு தடிச்சுவர் வேறு. நான் போனைப் பிடித்துக்கொண்டு நடந்து நடந்து பார்த்தேன். இரண்டு கதவுக்கும் நேராக இருக்கிற கூடத்துத் தூண் ஒன்றுதான் சரிப்பட்டது.

உன் படம் மாட்டியிருந்த தூண்.

"இங்கதாம்மா வைக்கணும். வேற எங்க வச்சாலும் உள்ள போவாது," என்றார் அவர்.

அத்தை பாய்ந்தாள். "எந்தம்பிய எறக்கிட்டு டப்பாவ மாட்டுவியா? வருஷம் கூட திரும்பல!"

"வேணாம், வுடுங்க. நான் சென்னைக்கே போறேன்," என்றாள் அண்ணி. குழந்தை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

நான் ரவுட்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். யார் பக்கம் பேசுவது, சொல்?

அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். முக்காலி போட்டு ஏறி, மாலையைக் கழற்றி, உன்னை இறக்கினாள்.

"இன்னாடி பண்ற?" என்றாள் அத்தை.

"இங்க அவர யாரு பாக்கறீங்க? ஆளுக்கொரு போன பாத்துக்கினு இருக்கறீங்க. நான்தான் நாளெல்லாம் அடுப்பாண்ட தனியா கீறேன். அவரு என்னாண்ட இருக்கட்டும்."

சமையலறையில் ஆணி அடிக்கச் சுத்தியல் தேடி எடுத்து வந்தது அத்தைதான்.

பின்கட்டில் இப்போது லைன் நன்றாகக் கிடைக்கிறது. அண்ணி போகவில்லை. இன்று காலை தாளிக்கும்போதே அம்மா உன்னிடம் எங்களைத் திட்ட ஆரம்பித்துவிட்டாள்: "புளி வாங்கியாரச் சொல்லி எத்தினி நாளாச்சு, யாருனா கேக்கறாங்களா?" எட்டு மாதத்துக்கு அப்புறம் அவள் குரல் அப்படி உயரக் கேட்டேன். உனக்கும் கேட்டதா? அங்கே புகை கண்ணைக் கரிக்கிறதா, நைனா?

வாரா வாரம் உன் கண்ணாடியில் ஏறுகிற எண்ணெய்ப் பிசுக்கை நானே துடைப்பேன். சத்தியம்.

இதை நெட்டில் படிக்கிறவங்களே, உங்களை விட்டுப் போனவர் படம் உங்கள் வீட்டில் எந்த அறையில் இருக்கிறது? கீழே எழுதுங்கள். அம்மாவுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

உன் கடைக்குட்டி மகள்,
பவானி
காஞ்சிபுரம்